வலி, தூக்கம், மனசு: மூன்றும் ஒரே முடிச்சு

நான்கு ஆண்டுகள், மூன்று டாக்டர்கள், இரண்டு ஸ்கேன்கள். பெங்களூரில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கும் 48 வயதுப் பெண்மணிக்குக் கடைசியில் கிடைத்த தீர்ப்பு: முதுகில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஆனால் வலி இருந்தது. இரவில் தூக்கம் இல்லை. ஆசையாகச் செய்துவந்த எதிலும் பிடிப்பு இல்லை. ‘எல்லாம் மனப்பிரமை’ என்றார்கள் வீட்டில். முதுகை விட அதிகம் வலித்தது அந்த வார்த்தைதான்.

உளவியலாளரிடம் போகச் சொன்னபோது, தன்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தார் அவர். ஆனால் அங்கே கேட்ட முதல் வாசகம் வேறு: “உங்கள் வலி நிஜம்.”

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. கனடா உளவியலாளர் ரொனால்டு மெல்ஸாக்கும் பிரிட்டிஷ் நரம்பியல் அறிஞர் பாட்ரிக் வாலும் 1965ல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். மூளைக்குச் செல்லும் வலிச் செய்திகளுக்குத் தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதைத் திறக்கவோ மூடவோ செய்கின்றன என்பது அதன் சாரம். நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் அச்சமும் கவனமும் களைப்பும் வலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாயமணியை அடித்துக்கொண்டே இருக்கலாம். ஸ்கேனில் மணியோசை பதிவாகாது.

வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. இரண்டும் சேர்ந்து மனதைச் சோர்வில் தள்ளுகின்றன. சோர்ந்த மனிதர் படுக்கையிலேயே கிடக்கிறார். அதனால் தூக்கம் மேலும் கெடுகிறது. உடல்நல உளவியலாளர் இவற்றை மூன்று நோய்களாகப் பார்ப்பதில்லை. எது முதலில் வந்தது என்று விசாரிப்பதை விட, இப்போது எது எதை ஊட்டி வளர்க்கிறது என்று பார்க்கிறார்.

அதற்கான கருவி ஒரு சாதாரண நோட்டு. எப்போது படுத்தோம், எத்தனை முறை விழித்தோம், எப்போது எழுந்தோம் என்று இரண்டு வாரம் எழுத வேண்டும். அவர் எழுதிய கணக்கில் எட்டரை மணி நேரம் படுக்கை. தூக்கமோ ஐந்தே மணி நேரம். இன்னொன்றும் தெரிந்தது. அவர் பகுதியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு முந்தைய இரவுகளில் தூக்கம் ஏறக்குறைய இல்லவே இல்லை. காது குழாயிலேயே இருந்தது.

சிகிச்சை விசித்திரமாகத் தொடங்கியது: படுக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். இரவு 11.30க்கு முன் படுக்கக் கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். பகல் தூக்கம் கூடாது. படுக்கை என்றாலே விழிப்பு என்று பழகிப்போன மூளைக்கு, படுக்கை என்றால் தூக்கம் என்று மறுபடி கற்பிக்கும் முறை இது. ரிச்சர்ட் பூட்ஸின் 1972லும் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் 1987லும் வகுத்த முறைகள் இதன் அடிப்படை. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இத்தகைய சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது.

வலிக்கு வேறு விதி. வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் துடைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது அவர் வழக்கம். இனி நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் பத்து நிமிட நடை. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மனச்சோர்வுக்கும் இதே தர்க்கம்தான். உற்சாகம் வந்த பிறகு அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். போன் செய்தால் உற்சாகம் பின்னால் வரும்.

முதல் இரண்டு வாரம் கொடுமை. அலுவலகத்தில் ஃபைல்களின் மேல் தலை சாய்ந்தது. விட்டுவிடலாம் என்று இருமுறை நினைத்தார். மூன்றாவது வாரம் தூக்கம் இறுகியது. அதற்கேற்பப் படுக்கும் நேரம் கால் மணி, கால் மணியாக முன்னே வந்தது. தண்ணீர் பிடிக்கும் முறை கணவருக்கு மாறியது. இந்த மாற்றத்துக்கு எந்தப் பாடநூலிலும் பெயர் இல்லை. ஆனால் அது இல்லாமல் மற்றவை பலித்திருக்காது. எட்டு வார முடிவில் தூக்கம் ஆறரை மணி நேரம். முதுகு வலி போய்விடவில்லை. ஆனால் நாளின் போக்கை இப்போது வலி தீர்மானிப்பதில்லை.

இது எல்லோருக்கும் பொருந்தும் வைத்தியம் அல்ல. வலிப்பு நோய் உள்ளவர்கள், மன எழுச்சியும் தாழ்ச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்கள், இரவில் வண்டி ஓட்டுபவர்கள் தாங்களாகவே தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. பல மாதம் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் அப்படித்தான். டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. சிறு நகரங்களில் பயிற்சி பெற்ற உளவியலாளரைத் தேடிப் பிடிப்பதே பாடு. 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். அது முழுச் சிகிச்சை அல்ல, முதல் படி. அடுத்த படிக்கு ஆட்கள் வேண்டும். மாத்திரைச் சீட்டு எழுத இரண்டு நிமிடம் போதும். இரண்டு வார நோட்டைப் படிக்க யாராவது எதிரே உட்கார வேண்டும்.