முதுகு மட்டும் தெரிந்தவர்கள்

பனியன் கம்பெனியில் லைனில் உட்கார்ந்து தைக்கிறவனுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். எனக்கு முன்னால் ஃப்ளாட்லாக் மெஷினில் இருந்த அக்காவுக்கு வத்தலகுண்டுப் பக்கம் ஊர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கும்வரை அவருடைய ஜடையும், அதில் வாடிக்கொண்டிருக்கும் கனகாம்பரமும்தான் என் கண்முன் இருக்கும். நான் ஓவர்லாக்கில் கை ஏற்றித் தள்ளுவேன், அவர் அடி மடிப்பார். சிரித்தால் அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது பழனிக்கு நடக்கும் வழியில் கொடுவாய் தாண்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தைப்பூசத்துக்குத் திருப்பூரிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் பல ரகம். நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டு, காவடி கட்டி, குடும்பத்தோடு போகும் உள்ளூர்க் கவுண்டர் வீட்டுக் கூட்டம் ஒரு பக்கம். எங்களைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்து, கம்பெனி நண்பர்களாகச் சேர்ந்து கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். கார்த்திகை பிறந்ததுமே சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவோம். மூட்டை முடிச்சு, அரிசி, கேஸ் அடுப்பு எல்லாம் குட்டியானையில் முன்னால் போகும். உடுப்புக்குக் கவலையே இல்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடைக்குப் போக வேண்டியது, கழுத்துப்பட்டி கோணியதால் ரிஜெக்ட் ஆகி குடோனில் கிடக்கும். அந்தப் பச்சை டீஷர்ட்டை எல்லாரும் மாட்டிக்கொள்வோம். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. முருகனுக்குத் தெரிந்திருக்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய கையோடு மறுபடியும் லீவு கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஷிப்மெண்ட் நிற்கும், சூப்பர்வைசர் முகம் கடுகடுக்கும். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் போனோம். நகரத்தார் காவடி எடுத்து நடப்பது நானூறு வருஷத்து வழக்கம். எடப்பாடிக்காரர்கள் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, இரவு அங்கேயே தங்கும் உரிமை உள்ளவர்கள். எங்களுக்கு அப்படி எந்தப் பாத்தியதையும் இல்லை. சம்பளத்தை விட்டுக்கொடுத்தோம், அவ்வளவுதான்.

கோவில்வழி வரை ஊர் கூடவே வரும். அவினாசிபாளையத்தில் கோவை–திருச்சி சாலையைக் கடக்கும்போது லாரி வெளிச்சத்துக்குப் பயந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வோம். போலீஸ்காரர்கள் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் இருட்டு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் போய் இறங்கும் தூரம்தான். நடந்தால்தான் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. விடிந்ததும் கொறங்காடுகள்: கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கயம் மாடு. ஏற்றுமதியும் இறக்குமதியும் பேசிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து ஒரு ராத்திரி நடையில் இது இருக்கிறது என்று பஸ் ஜன்னல் எனக்குச் சொன்னதே இல்லை.

வெறுங்கால் நடை. கொப்புளம் எழாமல் இருக்காது. அக்கா சுருக்குப்பையிலிருந்து கை ஊசி எடுத்து, மஞ்சள் தடவிய நூலைக் கோத்து, கொப்புளத்தின் இந்த ஓரத்தில் குத்தி அந்த ஓரத்தில் வாங்குவார். இரண்டு பக்கமும் விரற்கடை நூலை விட்டுவிட்டு அறுப்பார். நீர் நூல் வழியே கசிந்து இறங்கிவிடும், மேல்தோல் உரியாது. என் குதிகாலில் போட்டுவிட்டு, “பாருப்பா, மடிப்பு நேரா வந்திருக்கா? செக்கிங்ல பாஸ் ஆகுமா?” என்றார்.

2011 ஜனவரி நடைதான் எங்களுக்குக் கடைசி. தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தென்னந்தோப்பு வாசலில் பந்தல் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் சொம்பை நீட்டியபடி, “எந்தூருங்க சாமி?” என்றார். திருப்பூர் என்றோம்.

“அட, சாயத்தண்ணி ஊருங்களா! எம் பொண்ணக் குடுத்தது ஒரத்துப்பாளையத்துப் பக்கமுங்க. கெணத்துத் தண்ணியில மாடு வாய் வெக்காதுங்க.”

குரலில் கோபம் இல்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். எங்களுக்கு ஊருக்குள் ஓடும் நொய்யல் ஆறு என்றால் வேடிக்கை. வளர்மதி பாலத்தில் நின்றால் இன்றைக்கு எந்த ஷேடு ஓடுகிறதென்று சொல்லிவிடலாம் என்று பேசிச் சிரிப்போம். அந்த ஷேடு கீழே எங்கே போய்த் தேங்குகிறது என்று யோசித்ததில்லை. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கென்று திறந்தது. அதில் சாயக்கழிவு நிரம்பி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. அன்றைக்கு மத்தியானம் அமராவதியில் இறங்கினோம். முழங்கால் ஆழத்தில் என் கால்விரல்களும், அக்கா போட்ட நூலும் தெரிந்தன. ரொம்ப நேரம் யாரும் கரை ஏறவில்லை.

பழனியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அலங்கியம் தாண்டி மலை கண்ணில் பட்டதும் போடுகிற அரோகராவோடு என் மனசு நிறைந்துவிடும். அப்புறம் சண்முகநதிக் குளியல், படி, நெரிசல், திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே தூக்கம்.

திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்த சில நாளில், ஜனவரி 28-ஆம் தேதி, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பின்னிய துணி வெள்ளையாகவே ரோல் ரோலாகக் கிடந்தது. சிலர் வெளிமாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டார்கள். எங்கள் கம்பெனி மாதிரி சின்னதுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது. டீக்கடையில் எல்லாரும் வழக்குப் போட்ட விவசாயிகளைத் திட்டினார்கள். அந்த மோரைக் குடித்திருந்த எங்களுக்கு வாய் வரவில்லை. இன்றும் அந்த உத்தரவு தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. என் வேலையைத் தின்றதும் அதுதான்.

பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையங்களோடு மெல்ல மெல்லத் திரும்பின. எங்கள் லைன் திரும்பவில்லை. ஒருவர் ராமநாதபுரம், ஒருவர் ஈரோடு, நான் ஆவடிப் பக்கம் ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறேன். 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறை, எங்கள் குடோனுக்கும் விடுமுறை. சம்பளம் பிடிப்பதில்லை. அந்த நாளில் வீட்டில் உட்கார்ந்து கொடுவாய், குண்டுமணி வெளிச்சம் போல் முன்னால் போகும் ஸ்டிக்கர்கள், பக்கத்தில் யாரோ விடும் கொட்டாவி என்று நினைத்துக்கொண்டிருப்பேன். சாமியைவிட அதிகமாக நினைப்பது இதைத்தான்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் அக்கா போன் பண்ணினார். இப்போது ஊரில் பேரனைப் பார்த்துக்கொண்டு, தெருக்காரர்களோடு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறாராம். “நீயும் கெளம்பி வா, ஒரு ராத்திரி எங்க வீட்டுல தங்கிட்டு சேர்ந்து போயிரலாம்” என்றார். வருகிறேன், ஆனால் தாராபுரம் வழியாகத்தான் நடப்பேன் என்றேன்.

“வத்தலகுண்டுல இருந்து தாராபுரத்தைச் சுத்திக்கிட்டுப் பழனிக்கா? கிறுக்காப்பா ஒனக்கு?”