சூட்டுக்காக ஓடும் எஞ்சின்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் டாக்சி ஓட்டும் தமிழர்களிடம் கலப்பினக் காரான பிரியஸ் எப்படி என்று கேட்டால், மே மாதத்தில் ஒரு பதிலும் சனவரியில் இன்னொரு பதிலும் கிடைக்கும். மே மாதத்துப் பதில் புகழ்ச்சி. சிவப்பு விளக்கில் எஞ்சின் ஓய்ந்துவிடும், பச்சை விழுந்ததும் கார் மோட்டரில் சத்தமில்லாமல் நகரும், நாள் முழுக்க ஓடினாலும் பெற்றோல் முள் இறங்க மனமில்லாமல் நிற்கும். சனவரியில் கேட்டால் சொண்டைச் சுழிப்பார்கள். அதே சிவப்பு விளக்கு, அதே கார். எஞ்சின் மட்டும் நிற்க மாட்டேன் என்று உறுமிக்கொண்டிருக்கும்.

அப்படிச் சொண்டைச் சுழிக்கும் ஒருவர், தைப்பொங்கல் கழிந்த கையோடு தண்டர் பேக்குப் புறப்பட்டார். அங்கே லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் அவருடைய மகள் படிக்கிறாள். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். பின்பாதி முழுவதும் சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றிப்போகும் 17ஆம் நெடுஞ்சாலை. விமானத்தில் போனால் இரண்டு மணிநேரத்துக்குள் வேலை முடியும். ஆனால் மனைவி கட்டிவைத்த அரிசிமா, ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனங்கட்டிப் பொதிகளை எந்த விமானமும் சும்மா ஏற்றாது. ஆக, 2012ஆம் ஆண்டுப் பிரியஸ். துணைக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து கனடா பார்க்க வந்திருந்த மச்சான்.

மச்சான் இந்த வகைக் காருக்குப் புதியவர் அல்ல. 2010களின் தொடக்கத்தில் இலங்கை கலப்பினக் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்தபோது பிரியஸும் அதன் தம்பியான அக்வாவும் அந்நாட்டுத் தெருக்களில் வந்து குவிந்தன. அவரும் யாழ்ப்பாணத்தில் ஓர் அக்வாவை வாடகைக்கு ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்த எதிரி வெயில். பற்றரியைக் குளிர்விக்கும் காற்றாடியின் வாயில் தூசி அடைத்தால் பற்றரி சூடேறிச் சீக்கிரம் படுத்துவிடும் என்பது அவருடைய தொழில் ஞானம். பாரி என்ற சிறுநகரைத் தாண்டி 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கோப்பிக் கடை வாசலில் கார் நின்றும் எஞ்சின் நிற்கவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், இது நிக்கவே நிக்காதோ? என்ர வண்டியெண்டால் இந்நேரம் நித்திரை."

"ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டுப் பாரும் மச்சான்."

நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அடங்கியது. அதற்கு மேல் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி உள்பக்கம் புகாராகி, மச்சானின் கைவிரல்கள் மரத்துப்போயின. ஹீட்டர் திரும்பவும் போடப்பட்டது. எஞ்சினும் உடனே விழித்துக்கொண்டது.

பெற்றோல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போவதில்லை, சூடாக வெளியேறுகிறது. சாதாரணக் காரில் குளிர்காலத்து ஹீட்டர் என்பது, சமைத்து முடித்த அடுப்பின் கணப்பில் கைகாய்வதுதான். தனியாக விறகு வேண்டியதில்லை. பிரியஸை வடிவமைத்தவர்கள் அந்த வீண் சூட்டைத்தான் குறைக்கப் பாடுபட்டார்கள். இந்தத் தலைமுறையின் 1.8 லீற்றர் எஞ்சின் தன் சிறந்த நிலையில் பெற்றோலின் சக்தியில் 38.5 சதவீதத்தை வேலையாக மாற்றுகிறது. 2010 அளவில் அது பெரிய சாதனை. அதோடு, தேவையில்லாத போதெல்லாம் அணைந்தும் விடுகிறது. வெளியே மைனஸ் 20 ஆகும்போது இரண்டு நற்குணங்களும் சேர்ந்து வினையாகின்றன. வீணாகப் போகும் சூடு குறைவு; உள்ளே இருப்பவர்களுக்கோ சூடு வேண்டும். கார் வேறு வழியில்லாமல், வண்டியை இழுப்பதற்காக அல்லாமல் தண்ணீரைச் சுடவைப்பதற்காகவே எஞ்சினை ஓட்டுகிறது. புகைபோக்கியில் உள்ள வினையூக்கியும் சூடாக இருந்தால்தான் நச்சுவாயுவைச் சுத்திகரிக்கும். அதுவும் எஞ்சினை அணையவிடாத இன்னொரு காரணம்.

எவ்வளவு நட்டம்? அமெரிக்க அரசின் எரிபொருள் தளம் தரும் கணக்குப்படி, 25 பாகை செல்சியஸில் ஓடுவதோடு ஒப்பிட்டால் மைனஸ் 7இல் சாதாரணக் கார் நகருக்குள் சுமார் 15 சதவீதம் சிக்கனத்தை இழக்கிறது. கலப்பினக் கார் இழப்பது 30 முதல் 34 சதவீதம். சிக்கனத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியவருக்கு இது வயிற்றெரிச்சல் தரும் எண். ஆனால் அதில் "நகருக்குள்" என்ற நிபந்தனை இருக்கிறது. அதன் கனம் வடக்கே போகப்போகத்தான் விளங்கியது.

சட்பரியில் 17ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பி, ஊர்க்காரர் வெறும் "சூ" என்று அழைக்கும் சூ சென்ட் மரியில் இரவு தங்கினார்கள். விடிகாலையில் மைனஸ் 27. தங்குமிடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் கம்பத்துக்குக் கம்பம் மின்பிளக் இருந்தது. அதில் வயர் கொழுவியிருந்த லொறிகளைப் பார்த்துவிட்டு மச்சான், "இவ்வளவும் மின்சார லொறியோ?" என்று கேட்டார். இல்லை. எஞ்சினின் இரும்புக்குள்ளே பொருத்திய சிறு ஹீட்டர்களுக்கான வயர் அது. இங்கே அதைப் பிளாக் ஹீட்டர் என்பார்கள். பிரியஸுக்கும் உண்டு: 400 வாற் அளவிலான ஒரு கம்பி, எஞ்சின் கட்டியில் அதற்கென்றே விட்டிருக்கும் துளைக்குள் போய் உட்காரும். சில மணிநேரம் முன்பே கொழுவிவிட்டால், எஞ்சின் தன்னைத்தானே சுடவைக்க எரிக்கும் முதல் பெற்றோல் மிச்சம். ஸ்காபரோக்காரரின் காரில் அது இல்லை. நிலத்தடித் தரிப்பிடத்தில் கார் உறங்கும்வரை அதன் தேவை தெரிவதில்லை.

ஆனாலும் கார் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. அதில் ஆச்சரியம் குறைவு. இந்தக் காரில் வழக்கமான ஸ்ராட்டர் மோட்டர் கிடையாது. 201.6 வோல்ற் பெரிய பற்றரியின் பலத்தில் ஒரு மின்மோட்டரே எஞ்சினைச் சுழற்றுகிறது, சாதாரண ஸ்ராட்டரை விடப் பல மடங்கு வேகத்தில். குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் முனகலோடு சுழலும் அந்தப் பழக்கமான சத்தமே வராது. அஞ்ச வேண்டியது பெரிய பற்றரிக்கு அல்ல. பின்பெட்டியின் மூலையில் ஒளிந்திருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரிக்குத்தான். அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை, காரின் கணினிகளை எழுப்புவதோடு சரி. ஆனால் அது செத்தால் கணினி எழாது, கணினி எழாவிட்டால் பெரிய பற்றரி இருந்தும் பயனில்லை. போதாக்குறைக்குப் பின்கதவின் பூட்டும் மின்சாரத்தில் இயங்குவது. பற்றரியை எடுக்கத் திறக்க வேண்டிய கதவு, பற்றரி இல்லாமல் திறக்காது! முன் பொனற்றுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனையைத் தந்திருப்பது இந்தச் சிக்கலுக்குத்தான். ஜம்பர் வயரை அங்கே கொழுவலாம்.

பெரிய பற்றரிக்கும் குளிர் பிடிக்காதுதான். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை அது; குளிரில் உள்தடை கூடி, கொடுக்கவும் தயங்கும், வாங்கவும் தயங்கும். ஆனால் அதற்கான காற்று பின் இருக்கையின் ஓரத்துத் துவாரம் வழியாகப் பயணிகள் இருக்கும் இடத்திலிருந்தே போகிறது. யாழ்ப்பாணத்தில் ஏசிக் குளிரை உறிஞ்சும் அதே துவாரம் இங்கே ஹீட்டர் சூட்டை உறிஞ்சுகிறது. மச்சான் தன் கனத்த கோட்டைக் கழற்றி அந்த மூலையில்தான் குவித்து வைத்திருந்தார். கண்டதும் தானே பதறி எடுத்தார். எந்த நாட்டிலும் அந்த வாயை அடைக்கக் கூடாது என்பது அவர் அறிந்ததே.

சூவிலிருந்து வாவா வரை ஏறத்தாழ 230 கிலோமீற்றர், கனடாவின் அழகான நெடுஞ்சாலைகளில் ஒன்று. இடப்பக்கம் கடல் என்று சொன்னால் நம்பும்படியான ஏரி. பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி, 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். தண்ணீரின் பெரும்பகுதி உறையாமல் கருநீலமாகக் கிடந்து ஆவி விட்டது. வடமேற்கிலிருந்து வரும் உறைகாற்று அந்த ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையிலே பனியாகக் கொட்டும். ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் முன்னால் போகும் லொறியின் பின்விளக்குகூடத் தெரியாத வெண்மை. புறப்படுமுன் ஒன்ராறியோ 511இல் வீதி நிலவரம் பார்ப்பது இங்கே பல் துலக்குவதற்கு முந்திய கடமை. இந்தத் துண்டு மூடப்பட்டால் சுற்றிப்போக அருகில் வேறு சாலை கிடையாது.

மொன்றியல் ரிவர் மலை லொறிக்காரர்களிடம் பெயர் வாங்கியது. இறக்கத்தில் கார் தன் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் திணிக்கும். நீண்ட சரிவில் பற்றரி நிரம்பிவிட்டால் எஞ்சினைச் சும்மா சுழற்றியே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கென்று கியர்க் கோலில் "பி" என்ற நிலை இருக்கிறது. பளிங்குப் பனியில் அதைச் சட்டென்று போடுவது புத்தியல்ல, இழுவை முழுவதும் முன்சக்கரங்களில்தான் விழும். இன்னொரு விசித்திரம்: மெல்ல பிரேக் அழுத்தும்போது ஒரு சக்கரம் வழுக்கினால், கார் மின்சாரம் திரட்டுவதை விட்டுவிட்டுச் சாதாரண பிரேக்குக்கு மாறும். மாறும் அந்தக் கணத்தில் கார் முன்னே துள்ளிப் பாய்ந்ததுபோல் கால் உணரும். கார் பாயவில்லை. வயிறு மட்டும் நம்ப மறுக்கும்.

இதற்கெல்லாம் மருந்து காரில் அல்ல, ரயரில் இருக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்புறுதியில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி. மலைச்சின்னத்துக்குள் பனித்துகள் பொறித்த ரயர் இல்லாமல் இந்தச் சாலைக்கு வருவது துணிச்சல் என்று சொல்லத் தகுந்ததல்ல.

வாவாவில், 1960இல் இந்த நெடுஞ்சாலை இணைந்ததைக் கொண்டாட எழுப்பிய பெரிய வாத்துச் சிலைக்குக் கீழே மச்சான் படமெடுத்துக்கொண்டார். அங்கேதான் ரயர்க் காற்றின் மஞ்சள் விளக்கும் எரிந்தது. ஓட்டை எதுவுமில்லை. வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஸ்காபரோ நிலத்தடியில் அடித்த காற்று வாவாக் குளிரில் சுருங்கியிருந்தது. சாலையின் நிறமும் அங்கே மாறியிருந்தது. தெற்கே உப்பு போட்டுக் கறுப்பாக வைத்திருந்த தார், இங்கே மணல் தூவிய பழுப்பு வெள்ளை. கடுங்குளிரில் உப்பு பனியை உருக்காது.

வைட் ரிவர் இரண்டு பெருமைகள் உள்ள சிற்றூர். 1914இல் ஹரி கோல்பேர்ன் என்ற இராணுவக் கால்நடை வைத்தியர் இங்கே 20 டொலருக்கு வாங்கிய கரடிக்குட்டிதான் பின்னாளில் 'வின்னி த பூ' ஆனது. மற்றது, கனடாவின் மிகக் குளிரான இடம் என்று அறிவித்து நிற்கும் பெரிய வெப்பமானி: மைனஸ் 72 பரனைற். அதிகாரபூர்வச் சாதனை யூக்கோனின் ஸ்னாக் என்ற இடத்துக்கு உரியது: 1947 பெப்ரவரி 3, மைனஸ் 63 செல்சியஸ். ஊருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மூக்குக்குள்ளே முடி உறைந்து குத்தும்போது மச்சானுக்கும் பொருட்டாக இல்லை.

சுவாரசியம் காரின் திரையில் நடந்துகொண்டிருந்தது. வெளியே மைனஸ் 31. முன்கிரில்லின் கீழ்ப்பகுதியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரைத்துண்டுகளைச் செருகி, உறைகாற்று உள்ளே போகாமல் அடைத்திருந்தார் ஸ்காபரோக்காரர். பழைய பிரியஸ்காரர்கள் பலர் செய்யும் கைவைத்தியம் இது. 2016இல் வந்த அடுத்த தலைமுறைக்குத் தானே மூடித்திறக்கும் தகடுகளை நிறுவனமே வைத்தது. 90 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் எப்படியும் ஓடத்தான் வேண்டும். ஓடினால் சூடு வரத்தான் செய்யும். சூட்டுக்காகத் தனியே எரிக்க வேண்டியதில்லை. நூறு கிலோமீற்றருக்கு ஆறு லீற்றரைச் சுற்றியே எண் நின்றது. கோடையில் இதே காருக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. கனடாவின் இந்தக் குளிர்மூலையில், ஸ்காபரோச் சந்திகளில் செலவாவதைவிடக் குறைவாகக் குடித்தது கார்.

நிப்பிகன் பாலத்தை இருட்டில் கடந்தார்கள். நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் வீதிகள் எல்லாம் ஒடுங்கிக் கடக்கும் ஒரே இடம் அது. 2016 சனவரி 10ஆம் திகதி, திறந்து ஆறு வாரமே ஆன புதிய பாலத்தின் தளம் ஒரு முனையில் சுமார் 60 சென்ரிமீற்றர் மேலே கிளம்பி நின்றது; தாங்கியில் இருந்த மரையாணிகள் அறுந்திருந்தன. மறுநாள் ஒரு வழி திறக்கும்வரை கனடாவுக்குள்ளேயே குறுக்கே போக வாகனங்களுக்குப் பாதை இருக்கவில்லை. சுற்றுவதென்றால் அமெரிக்கா வழியாகத்தான்.

தண்டர் பேயில் கணக்கு தலைகீழானது. மகளின் அறையிலிருந்து மளிகைக்கடைக்கு, கடையிலிருந்து வளாகத்துக்கு, பிறகு துணி துவைக்கும் இடத்துக்கு. ஒவ்வொன்றும் சில கிலோமீற்றர். நடுவே காரைக் குளிரில் நிறுத்தி எஞ்சின் பனிக்கட்டியாகும்வரை காத்திருப்பு. எஞ்சின் சூடாகி அணைய நினைக்கும் நேரத்தில் போக வேண்டிய இடம் வந்துவிடும். எண் எட்டைத் தாண்டி ஒன்பதைத் தொட்டது. 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற பிரியஸில் இதற்கென்றே ஒரு பிளாஸ்க் இருந்தது: சுடுதண்ணீரை மூன்று நாள்வரை சூடாக வைத்திருந்து, அடுத்த முறை எஞ்சினுக்கு முதலில் அதைப் பாய்ச்சும். பின்னைய மாதிரிகளில் அதை எடுத்துவிட்டு, புகைபோக்கிச் சூட்டைத் தண்ணீருக்குத் திருப்பும் ஏற்பாட்டை வைத்தார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது உதவும்.

"நடந்தே போயிட்டு வருவமே?" என்றார் மச்சான், எண்ணைப் பார்த்து.

"மாமா, வெளியில மைனஸ் முப்பத்திரெண்டு," என்றாள் மகள். "ஒரேயடியாப் போய் எல்லாத்தையும் முடிச்சிட்டு வாங்கோ. எஞ்சின் ஆறமுதல்."

மறுநாள் பட்டியல் ஒன்று எழுதி, தூரமான கடையை முதலில் வைத்து, ஒரே ஓட்டத்தில் முடித்தார்கள். எண் ஏழுக்கு இறங்கியது. ஸ்காபரோக்காரர் அன்று மாலையே ஊரில் ஒரு கராஜைத் தேடிப் பிளாக் ஹீட்டர் பூட்டக் கேட்டார். வாரக் கடைசிவரை இடமில்லை என்றார்கள்.

"அதுவரைக்கும் இங்கயே நிண்டால் என்ன அத்தான்?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் ஒடியல்மாப் பொதியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.