கணக்கய்யாதான் என் டீம் லீடர்!

ஒரு நிமிஷம் பாஸ்... உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் என்ன? 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்'? 'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்'? 'ஸ்டூடன்ட் அட்டெண்டன்ஸ்'? வெட்கப்படாதீங்க. நாம பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இந்த மூணும்தான் சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு, அட்டை மட்டும் மாறி வந்துக்கிட்டிருக்கு. நானும் அதுல ஒண்ணைத்தான் நைஸா தள்ளிவிடலாம்னு இருந்தேன்.

அது 2022 டிசம்பர். திண்டுக்கல்ல பி.சி.ஏ. கடைசி வருஷம். ஜாவாவுல ஒரு அரியர், டேட்டா ஸ்ட்ரக்சர்ல ஒரு அரியர். கைடு என் ஸினாப்சிஸைப் பார்த்துட்டு, "உங்க ஊர்ல லைப்ரரியைத் தவிர வேற எதுவுமே இல்லையாப்பா?"ன்னு கேட்டார். சுருக்குனு குத்துச்சு.

ஏன் இல்லை? எங்க தாய்மாமா பூ கமிஷன் கடை வச்சிருக்கார். நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து மல்லி, முல்லை, ஜாதிமல்லி, கனகாம்பரம், சம்பங்கி எல்லாம் விடியறதுக்கு முன்னாடியே மூட்டை மூட்டையா வந்து இறங்கும். எடை போடணும், விலை பேசணும், கமிஷன் கழிக்கணும், முன்பணம் வாங்கினவங்க கணக்குல பிடிக்கணும், சீட்டு எழுதணும். இத்தனையும் ஒரு நீள நோட்டுல, ஒரு பால்பாயின்ட் பேனாவுல நடந்துக்கிட்டிருந்தது. எழுதுறவர் கணக்குப்பிள்ளை. அறுபது தாண்டினவர். கடையில எல்லாருக்கும் அவர் 'கணக்கய்யா'.

ப்ராஜெக்ட் கிடைச்சாச்சு! ஆனா கோடு யார் எழுதறது? நமக்குத்தான் ஜாவான்னாலே ஜன்னி வருமே!

*கோடு இல்லாம ஒரு ஆப்*

அப்பத்தான் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் 'லோ-கோடு'ன்னு ஒரு வார்த்தையைக் காதுல போட்டான். விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு ஆப்புக்குப் பொதுவா என்ன வேணும்? விவரம் நிரப்ப ஒரு ஃபார்ம், அதைச் சேர்த்து வைக்க ஒரு டேபிள், எடுத்துப் பார்க்க ஒரு ரிப்போர்ட், 'இது நடந்தா அதைச் செய்'னு சில விதிகள். இதையெல்லாம் முதல் வரியிலிருந்து எழுதாம, ரெடிமேட் துண்டுகளா திரையில இழுத்துப் போட்டு அடுக்கிக்கலாம். ரெடிமேடு பத்தாத இடத்துல மட்டும் நாலு வரி எழுதணும்.

'லோ-கோடு'ங்கிற பேரைப் பிரபலமாக்கினது அமெரிக்காவின் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம், 2014-ல். ஆனா ஆசை பழசு. 1979-ல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்கு 'விசிகால்க்'னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு. நம்ம எக்செல்லுக்குத் தாத்தா. ப்ரோகிராமரைத் தேடிப் போகாம, கடைக்காரரே தன் கணக்கைத் தானே போட்டுக்கலாம்னு காட்டினது அதுதான். அந்த வழியில வந்ததுதான் இதெல்லாம். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு பவர் ஆப்ஸ், கூகுளுக்கு ஒரு ஆப்ஷீட்.

நம்ம தமிழ்நாட்டுச் சரக்கும் இருக்கு. 1996-ல் அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, 2009-ல் ஸோஹோன்னு பேர் மாத்திக்கிட்ட சென்னை கம்பெனி, 'ஸோஹோ க்ரியேட்டர்'ங்கிற இந்தச் சமாசாரத்தை 2006-லேயே வெளியிட்டிருச்சு. அதாவது 'லோ-கோடு'ன்னு உலகம் பேர் வைக்கறதுக்கு எட்டு வருஷம் முன்னாடி! அதுல நாலு வரி எழுத வேண்டி வந்தா, 'டெலூஜ்'னு அவங்களே உருவாக்கின ஒரு மொழி. அரியர் வச்சவனுக்கும் புரியற மொழி. நான் அதையே பிடிச்சுக்கிட்டேன்.

மூணே நாள்! மூணாவது நாள் ராத்திரி, மாமாவோட பழைய டேப்லெட்ல ஆப் ஓடுது. விவசாயி பேரைத் தொட்டா விவரம் வருது. எடையைப் போட்டா தொகை வருது. கமிஷன் தானா கழியுது. முன்பணம் தானா பிடிக்குது. பிரின்டர்ல சின்னதா ஒரு சீட்டு 'கிர்ர்'னு வருது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மாமா சந்தோஷத்துல, "பரவால்ல மாப்ள! அப்ப நம்ம கணக்கய்யாவுக்கு ரெஸ்ட் குடுத்துரலாம் போலயே"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். கணக்கய்யா மட்டும் கண்ணாடியைக் கழட்டித் துண்டுல துடைச்சுக்கிட்டே இருந்தார். அவர் சிரிக்கலைங்கறதை நான் அன்னிக்குக் கவனிச்சேன். ஆனா கண்டுக்கலை. இதை எழுதும்போதும் கஷ்டமாத்தான் இருக்கு.

*தை மாசத்து முகூர்த்தம்*

2023 தை. பனியில மல்லி வரத்துக் குறைஞ்சு, விலை எகிறிக் கிடந்த நேரம். மறுநாள் முகூர்த்தம். விடிகாலையில மல்லி கிலோ 1,800 ரூபாய். வாங்க வேண்டியவங்க வாங்கிட்டுப் போனதும் பத்து மணிக்கு 1,200-க்கு இறங்கிருச்சு. மார்க்கெட்ல இது சகஜம். ஒரே நாள்ல விலை மூணு நாலு தடவை மாறும். நானும் கெத்தா ஆப்புல போய் 1,800-ஐ அழிச்சு 1,200-னு மாத்தினேன்.

இங்கதான் பாஸ், நான் கோட்டை விட்டேன்.

என் ஆப், பூ எடை போடும்போது எடையை மட்டும்தான் எழுதி வச்சுக்கிட்டது. விலையைத் தனியா ஒரு பட்டியல்ல வச்சிருந்தேன். சீட்டு அடிக்கிற நேரத்துல பட்டியல்ல என்ன விலை இருக்கோ, அதை எடுத்துப் பெருக்கும். காலையில 1,800-க்கு வித்த பூவுக்குப் பத்தரை மணிக்குச் சீட்டு அடிச்சா? 1,200!

ஒரு ஆத்தா. விடியக்காலம் 2 கிலோ மல்லி குடுத்துட்டு, பஜார்ல சாமான் வாங்கிட்டு, ஊருக்கு பஸ் ஏறப் போற வழியில பணம் வாங்க வந்தாங்க. கமிஷனை விட்டுருங்க, வெறும் பூவுக்கு மட்டும் 3,600 வரணும். என் ஆப் போட்டது 2,400. காகிதம் மிச்சம்னு சீட்டுல நான் விலையைப் போடலை. எடையும் தொகையும் மட்டும். ஆத்தா சீட்டை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "மிசினு போட்டா சரியாத்தான் இருக்கும் சாமி"ன்னு பணத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அன்னிக்கு அப்படிப் போனவங்க மொத்தம் பதினோரு பேர்.

கண்டுபிடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? கணக்கய்யா! 'ரெஸ்ட்' குடுக்கறேன்னு சொல்லியும் அவர் நோட்டை விடலை. பழக்க தோஷத்துல அன்னிக்கும் எழுதியிருக்கார். சாயங்காலம் கல்லாவுல பணம் கூடுதலா நிக்குதுன்னு மாமா சந்தோஷமா சொன்னதும், அவர் முகம் மாறிருச்சு. "பூக்கடையில கல்லா கூடினா, எவனோ ஒருத்தன் வீட்டுல குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்"னு சொல்லிக்கிட்டே வரிசையா டிக் அடிச்சார். பதினோரு இடத்துல பேனா நின்னுச்சு.

பத்து பேருக்கு போன் போட்டாச்சு. ஆத்தாகிட்ட போன் இல்லை. மறுநாள் மாமா பைக்குல நானும் கணக்கய்யாவும் அவங்க ஊருக்கே போனோம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு 1,200 ரூபாயை நீட்டினேன். "விலை எறங்கிருச்சாக்கும்னு நெனச்சேன் சாமி. சொசைட்டிக்குக் கட்ட வச்சிருந்தது. கொறையுதேன்னு தோட அடகு வக்கலாம்னு எடுத்து வச்சேன்"னாங்க. திட்டலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

*மிஷின் பொய் சொல்லாதா?*

ஆத்தா சொன்னாங்களே, 'மிசினு போட்டா சரியாத்தான் இருக்கும்'னு... அதை ஒரு நாடே நம்பின கதை உண்டு. பிரிட்டன் தபால் அலுவலகங்கள்ல 'ஹொரைசன்'னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர். ஃபுஜிட்சு கம்பெனியோடது. கல்லாவுல பணம் குறையுதுன்னு அது தப்புத் தப்பா காட்டுச்சு. கம்ப்யூட்டரை நம்பி மனுஷங்களைத் திருடங்கன்னாங்க. 1999-க்கும் 2015-க்கும் நடுவுல 900-க்கும் மேற்பட்ட கிளைத் தபால் அலுவலகப் பொறுப்பாளர்களுக்குத் தண்டனை. சிலர் ஜெயிலுக்கே போனாங்க. கடைசியில 2024-ல் தனியா ஒரு சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை ரத்து பண்ண வேண்டி வந்துச்சு.

அங்கே ஹொரைசன். இங்கே என் ஆப். அளவுதான் வேற. எங்க கடையில ஒரு நோட்டு இருந்துச்சு, அதை எழுத ஒருத்தர் இருந்தார். தப்பிச்சோம்.

*ஒரு வாரக் கோர்ஸ்*

அடுத்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு, விடிகாலை மூணு மணிக்கு கணக்கய்யா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எந்த செமஸ்டர்லயும் கிடைக்காத பாடம்.

பாடம் ஒண்ணு. "பூ ஒருதடவைதான் விக்கும் தம்பி. அதோட விலையும் ஒருதடவைதான். அப்புறம் அதைத் தொடப்படாது." இதையே டேட்டாபேஸ் பாஷையில சொன்னா, விற்ற நேரத்து விலையை அந்த வரியிலேயே எழுதிப் பூட்டிடணும். விலைப் பட்டியல் பின்னாடி எப்படி மாறினாலும் பழைய வரி மாறக்கூடாது. விலை மாறினா அழிச்சு எழுதாம, நேரத்தோட புது வரி சேர்க்கணும். எங்க சிலபஸ்லயும் இது இருந்துச்சு. நான்தான் அந்த கிளாஸ்ல கேன்டீன்ல இருந்தேன்.

பாடம் ரெண்டு. ஒரே மல்லிக்கு ஒரே நேரத்துல ரெண்டு விலை உண்டு. மொட்டா இருந்தா ஒரு விலை, விரிஞ்சிருந்தா ஒரு விலை. நான் 'மல்லி'ன்னு ஒரே கட்டம் வச்சிருந்தேன்.

பாடம் மூணு. இதுதான் என்னை ஆட்டிருச்சு. முன்பணத்தை நான் தானா பிடிக்க வச்சிருந்தேன் இல்லையா? கணக்கய்யா அப்படிப் பிடிக்கவே மாட்டாராம். "இன்னிக்கு எவ்வளவு பிடிக்கட்டும்?"னு ஒவ்வொருத்தரையும் கேட்பாராம். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ்னா அந்த வாரம் எதுவும் பிடிக்க மாட்டார். நோட்டுல பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருந்தார். ஏதோ பேனா மை சிந்தினதுன்னு நினைச்சிருந்தேன். 'இவங்களை இந்த மாசம் கேட்காதே'ங்கறது அந்தப் புள்ளிக்கு அர்த்தம்!

அந்த 'ஆட்டோமேட்டிக்' விதியை நானே டெலீட் பண்ணினேன். அந்த இடத்துல ஒரு காலிக் கட்டம். கேட்டுட்டு மனுஷன்தான் நிரப்பணும். பக்கத்துல ஒரு புள்ளி. தொட்டா சிவப்பாகும். சீட்டுல எடை, விலை, வித்த நேரம், கமிஷன், பிடித்தம், கைக்கு வர்ற தொகை எல்லாம் தனித்தனியா, தமிழ்ல, பெரிய எழுத்துல. யார் எதை மாத்தினாலும் பேரும் நேரமும் பதிவாகும், நான் மாத்தினாலும்தான்.

*சாவி யார்கிட்ட?*

கடைசியா கணக்கய்யா ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கம்பெனிக்காரன் நாளைக்குக் கடையை மூடிட்டா நம்ம கணக்கு?"

நாம திண்டுக்கல்காரங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டுக்குச் சொந்தக்காரங்க. பூட்டைப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ஆனா லோ-கோடு தளங்களுக்கும் ஒரு பூட்டு உண்டு. அங்கே அடுக்கின ஆப்பை அப்படியே பெயர்த்து வேற தளத்துல வைக்க முடியாது. கூகுளே 'ஆப் மேக்கர்'னு ஒண்ணு நடத்தி 2021 ஜனவரியில இழுத்து மூடிருச்சு. நம்பிக் கட்டினவங்க வேற இடம் தேடி ஓடினாங்க. அதனால எந்தத் தளமா இருந்தாலும், வாரம் ஒரு தடவை மொத்த டேட்டாவையும் எக்செல் ஃபைலா இறக்கித் தனியா ஒரு பென் டிரைவ்ல வச்சிருங்க. பூட்டே வேண்டாம்னா மும்பைக்காரங்களோட 'ஃப்ராப்பே' மாதிரி ஓப்பன் சோர்ஸ் இருக்கு. நம்ம சொந்த சர்வர்ல வச்சுக்கலாம், ஆனா உழைப்பு கூட. எங்க பென் டிரைவ் இப்பவும் கணக்கய்யாவோட சட்டைப் பையிலதான், வெத்தலைப் பொட்டலத்துக்குப் பக்கத்துல.

வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டார்: "மொத்தம் எத்தனை வரி கோடு எழுதினே?" "முந்நூறு கூட இருக்காது சார்." மார்க்கும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வந்துச்சு. விடுங்க.

ஆப் இன்னும் ஓடுது. மாமா 'ரெஸ்ட்' பேச்சை எடுக்கறதில்லை. டேப்லெட்டை இப்ப கணக்கய்யாதான் தட்டறார், ஒரே ஒரு விரல்ல. நோட்டும் பக்கத்துல இருக்கு. ராத்திரி ரெண்டையும் ஒத்துப் பார்க்காம அவர் கடையை விட்டு இறங்கறதில்லை. எப்பவாவது ஒத்துப் போகலைன்னா எனக்கு போன் வரும்: "தம்பி, நீ தப்பா நான் தப்பா, வந்து பாரு." இதுவரைக்கும் ரெண்டு தடவை அவர் தப்பு. அஞ்சு தடவை நான்.

உங்க தெருவுலயும் ஒரு மண்டி இருக்கும், ஒரு மில் இருக்கும், சுங்குடி சேலைக்கடை இருக்கும். அங்கே ஒரு நீள நோட்டும், அதை எழுதற ஒருத்தரும் இருப்பாங்க. ப்ராஜெக்ட் பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. டூல் கத்துக்க மூணு நாள் போதும். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருங்க. நோட்டுல எங்கேயாவது ஒரு புள்ளி இருந்தா, அது என்னன்னு கேளுங்க.

அந்த ஆத்தா இப்பவும் வர்றாங்க. சீட்டு கையில வந்ததும் உடனே முடியறதில்லை. "வெலை எவ்வளவு போட்டிருக்கு, படி சாமி"ங்கறாங்க. நான் சத்தமா படிக்கிறேன். அவங்க விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, சரின்னு தலையாட்டின பிறகுதான் அடுத்த சீட்டு!