உடலில் ஒரு பை, கிளையில் ஒரு பை



ரஹ்மத் எனும் அருளும் ரஹிம் எனும் கருவறையும் அரபு மொழியில் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இதனை மதரஸாவில் விளக்குகையில் நாம் இரண்டு சிற்றுயிர்களை எடுத்துரைப்பது வழக்கம்.

ஒன்று, ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் தேன் போசம். கங்காருவைப் போன்று வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் இனம், உருவிலோ சுண்டெலியளவே. பூந்தேனும் மகரந்தமுமே அதன் உணவு. பிறக்கும் குட்டியின் எடை 5 மில்லிகிராமுக்கும் குறைவு. ஓர் அரிசிமணி அதனினும் கனமானது. அக்குட்டியைத் தாய் ஏறத்தாழ 60 நாட்கள் பையிலேயே வைத்துப் பாலூட்டுகின்றது.

மற்றொன்று, துடியலூரில் நம் வீட்டுச் செம்பருத்திக்கு நாள்தோறும் வரும் தேன்சிட்டு. அதற்கு உடலில் பையில்லை. நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, கிளை நுனியில் பை போன்றதொரு கூட்டைத் தொங்கவிடுகின்றது. அதில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள். குஞ்சு பொரித்தபின் இரை தேடிப் பலமுறை வெளியே சென்று திரும்புகின்றது.

"சுமந்து திரியும் தாய்க்குத்தானே பாசம் அதிகம், உஸ்தாத்?" என்று ஒரு மாணவி வினவினாள். அவளுடைய தாய் விடியற்காலையில் மில் வேலைக்குச் செல்பவர். உறவினர் பேச்சு அப்பிஞ்சு நெஞ்சில் தைத்திருந்ததை நாம் உணர்ந்தோம்.

"இல்லையம்மா. தேன்சிட்டு கூட்டிலேயே அமர்ந்துவிட்டால் குஞ்சுகள் பசியால் மடியும். அது பறந்து செல்வதும் பாசமே. தேன் போசமும் குட்டி பையை விட்டு வெளிவந்தபின், மரப்பொந்திலோ பழைய பறவைக் கூட்டிலோ அதனை விட்டுவிட்டு உணவு தேடச் செல்வதுண்டு" என்றோம். அவள் முகம் தெளிந்தது.

ஆண் தேன்சிட்டும் இரை கொணர்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது என்பதைத் தந்தையர் கவனிப்பார்களாக. பிள்ளை வளர்ப்பைத் தாயின் தோளில் மட்டும் சுமத்திவிட்டு, அவள் வெளியே செல்வதைக் குறை கூறுவது நியாயமாகாது.

ஆகவே, வேலைக்குச் செல்லும் தாயைப் பற்றி அவளுடைய பிள்ளையின் செவிபடக் குறை பேசாதிருப்போம். வீட்டில் இருந்து வளர்ப்பவளையும் "சும்மாதானே இருக்கிறாள்" என்று இகழாதிருப்போம். இருவர் உழைப்பையும் அல்லாஹ் அறிவான். அவர்கள் இருவருக்கும் அவன் அருள் புரிவானாக. ஆமீன்.