வெள்ளிமலை பஸ்ஸில் டெக்னிக்கல் ரவுண்டு!

கேம்பஸ் சீஸன் வந்தாச்சு. ஆப்டிட்யூட் புக், சி புரோகிராமிங் நோட்ஸ், அயர்ன் பண்ணின ஃபுல்ஹேண்ட் சட்டை... எல்லாம் ரெடியா? அப்படியே ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு வாங்க பாஸ். இன்டர்வியூவுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்னு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினா தெரிஞ்சிடும்.

சென்னையிலிருந்து வர்றவங்க உளுந்தூர்பேட்டையில் திரும்பி சேலம் ரோட்டைப் பிடிக்கணும். விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன ஊர் இது. இங்கிருந்து பஸ் பிடிச்சா, கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற கச்சிராயபாளையம் வரைக்கும் வழியெல்லாம் கரும்பு. கோமுகி அணைப் பக்கம் தாண்டினதும் வளைவுக்கு மேல வளைவு. ஜன்னலில் குளிர்காத்து வர வர, மொபைலில் கோடு ஒண்ணொண்ணா குறையும். மேகம் அருவி, பெரியார் அருவின்னு பார்க்க நிறைய இருக்கு. ஆனா நான் போனது ஒரு சீனியர் அண்ணாவைப் பார்க்க.

அவர் ஊர் வெள்ளிமலையைத் தாண்டி. இந்த மலையில் வாழ்ற மலையாளி பழங்குடி மக்களில் ஒருத்தர் (கேரளாவோட குழப்பிக்காதீங்க, பேசறது தமிழ்தான்). வீட்டைச் சுத்தி மரவள்ளியும் பலாவும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவிகித இடஒதுக்கீடுன்னு 2021-ல் சட்டம் வந்ததே, அந்த வழியில் இன்ஜினீயரிங் சேர்ந்தவர். அப்படி சேர்ந்த முதல் பேட்ச் 2025-ல் படிப்பை முடிச்சது. சீட்டு கிடைச்சாச்சு, ஃபீஸையும் அரசாங்கமே கட்டிடுச்சு. ஆனா இன்டர்வியூவை நாமதானே அட்டெண்ட் பண்ணணும்?

ஊருக்கு வெளியே ஒரு பாறை. அதுதான் இவரோட பிரவுஸிங் சென்டர்! மெயில் பார்க்க, மாதிரி டெஸ்ட் எழுத எல்லாம் அங்கேதான். வீடியோ இன்டர்வியூன்னா மட்டும் பாறை தாங்காது. முதல் பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சியில் நண்பரோட ரூமுக்கு வந்துடணும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லயே ஸோஹோ ஆபீஸ் போட்டாங்க. கிராமத்திலிருந்தும் சாஃப்ட்வேர் எழுத முடியும்னு காட்டிட்டாங்க. கல்வராயன் மலை கேட்கிறது ஆபீஸ்கூட இல்லீங்க... அறுந்து போகாம ஒரே ஒரு மணி நேர இன்டர்நெட்!

போன தடவை ஒரு பெரிய கம்பெனியின் டெக்னிக்கல் ரவுண்டில் கோட் சரியா எழுதியும் அண்ணாவை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எழுதற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலையாம். "தெரியாம இல்லப்பா, இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிட்டே இருந்துட்டேன்" என்றார். கேள்வி கேட்கிறவருக்கு விடை மட்டும் போதாது, நாம எப்படி யோசிக்கிறோம்னும் தெரியணும். அதனால மறுநாள் மலை இறங்குற பஸ்ஸிலேயே ரிகர்சல். நான் இன்டர்வியூவர்! ஒரே கண்டிஷன், முதல்ல தமிழ்ல சத்தமா யோசிக்கணும். அப்புறம் அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா சொல்லணும்.

"ஒரு லட்சம் எண்கள் இருக்கு. எந்த ரெண்டைக் கூட்டினா நான் சொல்ற தொகை வரும்?"

"ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடவும் சேர்த்துப் பார்த்தா சுமார் 500 கோடி ஜோடி, கட்டுப்படி ஆகாது. பார்த்த எண்ணையெல்லாம் ஒரு ஹாஷ் டேபிளில் போட்டுட்டே வருவேன். புது எண் வந்தா, அதோட ஜோடி ஏற்கெனவே வந்துடுச்சான்னு தேடுவேன். ஒரு லட்சம் தடவை தேடினா போதும். மெமரி கொஞ்சம் கூடுதலா செலவாகும்."

செம! கடைசி வரியைக் கேட்காமலே சொன்னார் பாருங்க, அதுக்குத் தனி மார்க். முன் சீட்டில் பலாப்பழத்தோட உட்கார்ந்திருந்த பாட்டி திரும்பி, "அந்த ரெண்டும் கிடைச்சுதா சாமி?" என்றார். பஸ்ஸே சிரிச்சது. பாட்டிக்காக அண்ணா இன்னொரு தடவை விளக்கினார், இந்தத் தடவை பலாப்பழ விலையை வெச்சு. அதுதான் பெஸ்ட் டேக்!

கள்ளக்குறிச்சி ரூமில் 40 நிமிஷம் இன்டர்வியூ. நான் வெளியே டீக்கடையில். லைன் ஒரு தடவைகூட கட் ஆகலை. உள்ளேயிருந்து அண்ணா குரல் மட்டும் விடாம கேட்டுட்டே இருந்தது.

சாயங்காலம் வெள்ளிமலை பஸ்ஸில் அவரை ஏத்திவிட்டேன். ரிசல்ட் மெயிலில் வருமாம். எப்போ வந்தாலும், பாறைக்குப் போனாதான் தெரியும்.