சென்று மீளும் ஓட்டம்

ஓட்டம் என்றால் பந்தயம் என்றும், பந்தயம் என்றால் பரிசு என்றும் எண்ணுவது உலக வழக்கம். பரிசின்றி, பார்ப்பாரின்றி, துணையுமின்றி மலைப்பாதையில் ஓடிச் சென்று, சென்ற வழியே மீண்டு வரும் ஓட்டமும் ஒன்றுண்டு. அதனை மூன்றாண்டுகளாக நாம் மேற்கொண்டு வருகிறோம். “குடும்பஸ்தருக்கு இது எதற்கு?” என்று சங்கத்து அன்பர்கள் அன்போடு வினவுவதுண்டு. அவர்களுக்கு விடையாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

நமக்கு வாய்த்த இடம், புனே நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்ஹகட் கோட்டை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்பது. வாகனங்கள் செல்லும் பாதை வேறு. அத்கர்வாடி என்னும் சிற்றூரிலிருந்து புனே வாயில் வரை செல்லும் ஒற்றையடிப் பாதை வேறு. பின்னது ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். ஆயினும் அதற்குள் 600 மீட்டர் அளவு ஏறியாக வேண்டும். ஆகவே ஓட்டம் என்று சொன்னாலும் பாதி நடையே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

1670-ஆம் ஆண்டில் சிவாஜி மகாராஜாவின் தளபதி தானாஜி மாலுசரே இக்கோட்டையை இரவில் செங்குத்துப் பாறை வழியே ஏறிக் கைப்பற்றி, அப்போரிலேயே உயிர் நீத்தார். பாறையில் உடும்பை ஏற்றி அதன் பிடியில் கயிறு கட்டினர் என்பது இங்கு வழங்கும் கதை. ‘உடும்புப் பிடி’ என்று நாம் சொல்வதை மராத்தியரும் அறிவர் போலும்! தானாஜி வீழ்ந்ததும் படையினர் கலங்கிப் பின்வாங்க, அவர்தம் இளவல் சூர்யாஜி இறங்கும் கயிற்றை அறுத்தெறிந்து, திரும்பும் வழி இல்லை என்று கூறிப் போரிடச் செய்தார் என்பது மற்றொரு செவிவழிச் செய்தி. போர்வீரர்க்கு அது தகும். நமக்கோ, கயிறு அறாமல் காப்பதே கடமை. அதன் காரணத்தைச் சொல்லுவோம்.

நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இரயில்வே உத்தியோகத்தின்பொருட்டு இவ்வூர் வந்தவர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 49-ஆம் வயதில் ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர், மாரடைப்பால் வீடு திரும்பவில்லை. நமக்கு முப்பத்தைந்து நிறைந்தபோது, இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருப்பதாக மருத்துவர் எச்சரித்தார். இதயத்தைச் சோதித்தபின், சிறிது சிறிதாக ஓட்டத்தைக் கூட்டலாம் என்றும் இசைந்தார். அன்னையார் மட்டும் எளிதில் இசையவில்லை. “தனியாகவா?” என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டார். ஈற்றில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: மலையில் எவ்விடத்தில் நின்றாலும் 7-45 மணிக்குத் திரும்பிவிட வேண்டும், அடிவாரம் சேர்ந்ததும் தொலைபேசியில் பேச வேண்டும்.

சென்ற கார்த்திகையின் முதல் ஞாயிறு. நம் ஊரில் அடைமழைக் காலம். இங்கோ மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் கூதிர்ப் பருவத்தின் கடைநாட்கள். ஆவணியில் பச்சைப் பசேலென்றிருந்த புல் முழங்கால் உயரம் வளர்ந்து பொன்னிறமாகி நின்றது. ஓடைகள் வற்றியிருந்தன. காற்றில் குளிர் இருந்தது. வியர்வை அரும்பும் முன்பே உலர்ந்தது. 6-45க்குப் புறப்பட்டோம்.

பாதி வழியில் தயிர்ப் பானைகள் நிறைந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி இளைப்பாறிக்கொண்டிருந்தார். கோட்டைக்கு வருவோர்க்குப் பிட்லா, பாக்ரியுடன் மண்சட்டித் தயிர் விற்பது இவ்வட்டாரத்தாரின் பிழைப்பு. கூடையைத் தலைக்கு ஏற்றிவிடச் சொன்னார். தூக்கியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. “ஏக்டாச் ஆலாஸ் கா, பாளா?” என்றார், தனியாகவா வந்தாய், குழந்தாய் என்பது பொருள். அன்னையாரின் அதே கேள்வி! நாம் வாரம் ஒரு முறை வெறுங்கையோடு செய்வதை அவர் நாள்தோறும் சுமையோடு செய்கிறார். சிறிது தூரம் அவர் பின்னே மெல்ல ஏறினோம். முந்திச் செல்ல மனம் வரவில்லை.

புனே வாயில் கண்ணுக்குத் தெரிந்தபோது கடிகாரம் 7-45 காட்டியது. இன்னும் ஐந்து நிமிடம் போதும். மேலே தேவ் டாகே என்னும் சுனையின் குளிர்ந்த நீர் நினைவில் எழுந்தது. ஐந்து நிமிடத்தால் என்ன குறைந்துவிடும் என்று கால் வாதாடியது. ஆயினும் ஐந்து நிமிடம் அன்னையார்க்கு எவ்வளவு நீளம் என்பதை யாம் அறிவோம். வாயிலைத் தொடாமலே திரும்பினோம்.

இறக்கமே கடினம். மழையில் கரைந்த மண், காய்ந்தபின் பருக்கைக் கற்களாய்க் காலடியில் உருளும். நீண்ட அடி வைத்தால் முழங்கால் தாங்காது. குறுகிய அடிகளாக, உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல் இறங்க வேண்டும். ஏறும்போது முதுகுக்குப் பின்னிருந்த கடக்வாஸ்லா ஏரி இப்போது கண்ணெதிரே வெயிலில் மின்னியது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, இவ்வணையும் தகர்ந்து, புனே நகரில் வெள்ளம் புகுந்தது என்பதை நம்ப இயலாத அமைதி.

8-35க்கு அடிவாரத்திலிருந்து பேசினோம். முதல் மணி ஒலித்து முடியுமுன் அன்னையார் எடுத்தார். “வந்தாச்சா? சரி, தோசைமாவு இருக்கு, வா” என்றார். அவ்வளவே.

இப்பருவத்தில் மலை ஏற விழையும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குக. புறப்படுமுன் திரும்பும் நேரத்தைக் குறித்து வீட்டாரிடம் சொல்லுக. ஒரு லிட்டர் நீரேனும் எடுத்துச் செல்லுக. அதில் பாதியை இறக்கத்திற்கு வைத்திருக்க. வழியில் சுமையோடு வருவோர்க்கு ஒதுங்கி வழிவிடுக. தயிரும் வாங்கி உண்ணுக. தை பிறக்குமுன் நம் சங்கத்து இளைஞர்களுடன் ஒரு முறை செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விரும்புவோர், வீட்டாரின் இசைவோடு வருக.