படத்துக்குப் பின்னால் பெயரை எழுதுங்கள்

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜாபாத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தகரப் பெட்டியில் கிடக்கும் குடும்பப் படங்களை எடுத்துத் தூசி தட்டி, யார் யார் என்று கேட்டு எழுதுகிறேன். பெரியம்மா, அத்தை, சித்தப்பா மூவரும் கூடவே உட்காருகிறார்கள். "செத்துப் போனவங்க படத்த வெச்சிக்கினு என்னம்மா பண்ணப்போற?" என்று முதல் நாள் கேட்ட சித்தப்பாதான் இப்போது எனக்கு முன்பே பெட்டியைத் திறந்து வைக்கிறார்.

சமூகவியல் படித்தபோது எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலைப் புரட்டியிருக்கிறேன். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து வகை பிரித்தவர். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது.

எங்கள் பெட்டியில் இருக்கும் தாத்தா வேறு மாதிரி. ஸ்டூடியோ நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர் அவர். "அந்த வாட்ச் ஸ்டூடியோக்காரருது. உக்காந்த தோரணை எங்க அப்பாவோடது" என்றார் அத்தை. செங்கல் சூளைக் கூலியில் மிச்சம் பிடித்து எடுத்த படம். யாரும் அவரை நிற்கவைத்து அளக்கவில்லை. எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருக்கிறார்.

ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில் நின்ற பெண் யாரென்று மூவருக்குமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய ஆயா வந்து பார்த்தார். காலனியில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவராம் அந்தப் பெண். பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டோம். அந்தப் பெயர் இந்த ஆயா ஒருவரின் நினைவில் மட்டும்தான் மிச்சமிருந்தது. நாம் இழந்துகொண்டிருப்பது இதைத்தான் தோழர்களே. படம் பெட்டியில் இன்னும் ஐம்பது வருடம்கூடக் கிடக்கும். அதைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர்கள் இருக்க மாட்டார்கள்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்கும் வண்டிக்கும் விலை போட்டு இழப்பீடு கேட்கலாம். அம்மாவின் ஒரே படத்துக்கு என்ன விலை போடுவது? நம் வீடுகளுக்கு இன்னொரு பிரதி அவசியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

செய்ய வேண்டியவை எளியவைதான். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே போனில் படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், தெரிந்தால் வருடம் எழுதுங்கள். வழவழப்பான கலர் படங்களில் பென்சில் பிடிக்காது. தனித்தாளில் எழுதி, படத்தோடு கவரில் வையுங்கள். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பிரதிகளை வேறு வேறு ஊரில் இருக்கும் இரண்டு மூன்று சொந்தக்காரர்களிடம் கொடுத்து வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை நம் ஆய்வுக்கான தரவு மட்டுமல்ல, அவர்களின் சொத்து. கேட்காமல் முகநூலில் போடாதீர்கள். பெரியம்மா இரண்டு படங்களை வெளியில் காட்டக்கூடாது என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டிக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.